வேலை பார்த்துக்கொண்டே செயற்கைக்கோள் தொடர்பியல் கற்க: முழுமையான வழிகாட்டி

கூரைமேல் நிற்கும் 60 செ.மீ. டிவி டிஷ்ஷில் வந்து விழும் சிக்னலின் திறன் எவ்வளவு இருக்கும்? ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஏறத்தாழ ஒரு பங்கு. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே பெட்டி டஜன் கணக்கில் சேனல் காட்டுகிறது. இது எப்படி நடக்கிறது என்று ஒரே தாளில் கூட்டிக் கழித்துக் காட்ட முடிந்தால், செயற்கைக்கோள் தொடர்பியலின் அடிப்படை உங்களுக்கு வந்துவிட்டது. அந்தக் கூட்டல் கழித்தலுக்கு லிங்க் பட்ஜெட் என்று பெயர். இந்த வழிகாட்டியில் வரும் மற்ற எல்லாமே அந்தத் தாளில் ஏதாவது ஒரு வரியாகப் போய் உட்காரும்.

வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வீடியோ வகுப்பில் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், ஒரு மாதம் பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது. அலுவலகத்தில் ஒருவர், “1.2 மீட்டர் டிஷ் போட்டால் எத்தனை டெசிபல் கூடும்?” என்று கேட்டபோது வாயைத் திறக்க முடியவில்லை. அதற்கப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன். வார நாட்களில் நான்கு நாள், முக்கால் மணி நேரம், கையில் பேனா, கால்குலேட்டர். வார இறுதியில் இரண்டு மூன்று மணி நேரம் கையால் செய்கிற வேலை. இப்படிப் போனால் நான்கு மாதத்தில் அடித்தளம் போட்டுவிடலாம்.

முதல் படி: டெசிபல்

ஒரு வாரம் இதற்கு மட்டும் ஒதுக்குங்கள். நெட்வொர்க், மென்பொருள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் “இது தெரிந்ததுதானே” என்று தாண்டிப் போய், பின்னால் வந்து மாட்டிக்கொள்வது இங்கேதான்.

செயற்கைக்கோள் கணக்கில் எண்கள் பயங்கரமாக விரியும். அனுப்பும் பக்கம் ஆயிரம் வாட்டில் பேசுவோம், வாங்கும் பக்கம் ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கில். அதனால் பெருக்கலைக் கூட்டலாக மாற்றிக்கொள்கிறோம். இரண்டு மடங்கு என்றால் 3 டெசிபல் கூட்டு, பத்து மடங்கு என்றால் 10 டெசிபல் கூட்டு. இந்த இரண்டை வைத்தே மனக்கணக்கு போட்டுப் பழகுங்கள். 5 மடங்கு? பத்தில் பாதி, அப்படியானால் 10 கழித்தல் 3, அதாவது 7. 50 மடங்கு என்றால் 17. பேருந்தில் போகும்போதுகூட இதைப் பழகலாம்.

ஒரு எச்சரிக்கை. டிபிடபிள்யூ என்றால் ஒரு வாட்டை அடிப்படையாகக் கொண்டது, டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட்டை. இரண்டுக்கும் நடுவே 30 டெசிபல் இடைவெளி. என் முதல் லிங்க் பட்ஜெட்டில் 34 டெசிபல் உபரி வந்தது. அதைப் பார்த்து ரொம்பவே சந்தோஷப்பட்டேன். அதில் 30 இந்தக் குழப்பத்தில் வந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

இரண்டாம் படி: சுற்றுப்பாதை

இதற்கு இரண்டு வாரம் போதும். விண்வெளிப் பொறியாளர் ஆகப்போவதில்லை என்றால் முழு இயக்கவியலும் தேவையில்லை. கெப்ளரின் மூன்றாம் விதியை (பாதையின் அளவையும் சுற்றும் நேரத்தையும் இணைப்பது) மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற எடுப்பது சரியாக 24 மணி இல்லை, 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. அதாவது 86,164 விநாடி. அந்த நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் பாதையின் ஆரம் எவ்வளவு என்று கணக்கிட்டால் 42,164 கி.மீ. வரும். பூமத்திய ரேகையில் பூமியின் ஆரமான 6,378-ஐக் கழித்தால் 35,786 கி.மீ. இந்த எண்ணைத்தான் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கையில் போட்டு வரவழைத்துவிட்டால் மறக்காது.

பூமத்திய ரேகைக்கு நேர்மேலே அந்த உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் (இனி சுருக்கமாகக் கோள்), தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அப்படி மூன்று கோள்களை வைத்து உலகம் முழுக்கத் தொடர்பு கொடுக்கலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945-லேயே எழுதிவிட்டார். 1964-ல் ஏவிய சின்காம் 3 தான் உண்மையில் அப்படி நின்ற முதல் கோள். இந்தப் பாதையை ஜியோ என்பார்கள். கீழே சில நூறு கி.மீ. முதல் 2,000 கி.மீ. வரை இருப்பது லியோ. ஸ்டார்லிங்க் கோள்கள் பெரும்பாலும் 480 முதல் 570 கி.மீ., இரிடியம் 780 கி.மீ. இரண்டுக்கும் நடுவில் மீயோ. ஜி.பி.எஸ். 20,200 கி.மீ. உயரத்தில் அங்கேதான் இருக்கிறது.

இங்கே நிறையப் பேர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. ஜியோ கோள் தலைக்கு நேர்மேலே இருந்தால் தூரம் 35,786 கி.மீ. அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தால் ஏறத்தாழ 41,680 கி.மீ. சிக்னல் இழப்பில் வித்தியாசம் வெறும் 1.3 டெசிபல். தாழ்ந்த கோணத்தில் ஜியோ இணைப்பு மோசமாக இருந்தால் அதற்குத் தூரம் காரணம் இல்லை. அலை காற்றையும் மழையையும் சாய்வாக, நீளமாகக் கடந்து வர வேண்டியிருப்பதுதான் காரணம். லியோவில் கதை வேறு. 550 கி.மீ. கோள் உச்சியிலிருந்து, அடிவானத்துக்கு 10 டிகிரி மேலே என்ற நிலைக்கு இறங்கும்போது தூரம் 1,815 கி.மீ. ஆகிவிடும். 10 டெசிபலுக்கு மேல் போய்விடுகிறது. இந்த இரண்டையும் நீங்களே ஒரு முக்கோணம் வரைந்து கணக்கிடுங்கள்.

மூன்றாம் படி: பேண்டும் ஆன்டெனாவும்

பேண்ட் (அதிர்வெண் வரம்பு) பெயர்களை அட்டவணையாக மனப்பாடம் செய்ய வேண்டாம். எல் பேண்ட் 1 முதல் 2 கிகாஹெர்ட்ஸ்: ஜி.பி.எஸ்., கையடக்க செயற்கைக்கோள் ஃபோன். சி பேண்டில் கோளிலிருந்து தரைக்கு 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், தரையிலிருந்து கோளுக்கு 6 பக்கம். மழைக்கு அசைந்து கொடுக்காது, ஆனால் டிஷ் பெரிதாக வேண்டும். கேயூ பேண்டில் இறங்குவது 10.7 முதல் 12.75, ஏறுவது பெரும்பாலும் 14. வீட்டு டிவி இங்கேதான். கேஏ பேண்டில் இறங்குவது 20 பக்கம், ஏறுவது 30 பக்கம். இணையச் சேவைக்கு இடம் நிறைய உண்டு, மழை வந்தால் பாடுதான்.

ஏறுவதற்குப் பெரும்பாலும் ஏன் அதிக அதிர்வெண்? அதிர்வெண் கூடினால் அதே தூரத்தில் இழப்புக் கணக்கும் கூடும், அந்த அதிர்வெண்ணில் திறன் உண்டாக்குவதும் கடினம். தரையில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை, பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்துச் சமாளித்துவிடலாம். கோளில் இருப்பது சோலார் தகடு தரும் அளந்த சோறு. அதனால் சுமையைத் தரையிலிருப்பவன் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

டிஷ்ஷைப் பற்றி இரண்டே விஷயம். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்கு, கெயின் (சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் அளவு) 6 டெசிபல் கூடும். (அலுவலகத்தில் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை இதுதான், அங்கே இருந்தது 60 செ.மீ. டிஷ்.) இரண்டாவது, கெயின் கூடக் கூடக் கதிர் ஒடுங்கும். அலைநீளத்தை விட்டத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால் கதிரின் அகலம் டிகிரியில் கிடைக்கும். 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 செ.மீ., 60 செ.மீ. டிஷ்ஷுக்கு 2.9 டிகிரி. பெரிய டிஷ் வைத்தால் நல்லது என்று வைத்துவிட்டு, காற்றில் அது அசையும்போது சிக்னல் துள்ளுவதைப் பார்த்து முழிப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்தவர்கள்.

நான்காம் படி: லிங்க் பட்ஜெட்

இதற்கு நான்கு வாரம் கொடுங்கள். குறைக்க வேண்டாம்.

ஒரு டிவி இணைப்பையே எடுத்துக்கொள்வோம். கோள் உங்கள் திசையில் அனுப்புவது 50 டிபிடபிள்யூ. ஆம்ப்ளிஃபயரின் திறனும் ஆன்டெனாவின் கெயினும் சேர்ந்த எண் இது, ஈ.ஐ.ஆர்.பி. என்பார்கள். தூரம் 38,000 கி.மீ., அதிர்வெண் 12 கிகாஹெர்ட்ஸ். வெற்றிடத்தில் பரவும் இழப்புக்கு ஒரு சூத்திரம் போதும்: 92.45 உடன், கிகாஹெர்ட்ஸில் அதிர்வெண்ணின் லாகரிதத்தை 20 மடங்காக்கிக் கூட்டுங்கள், கி.மீ.யில் தூரத்தின் லாகரிதத்தையும் 20 மடங்காக்கிக் கூட்டுங்கள். 92.45, 21.6, 91.6. மொத்தம் 205.6 டெசிபல் இழப்பு.

அடுத்து டிஷ். 60 செ.மீ., செயல்திறன் 65 சதவீதம் என்று வைத்தால் கெயின் 35.7 டெசிபல். வந்து சேர்வது: 50 கழித்தல் 205.6 கூட்டல் 35.7, ஆக கழித்தல் 119.9 டிபிடபிள்யூ. முதல் பத்தியில் சொன்ன லட்சம் கோடியில் ஒரு பங்கு இதுதான்.

இவ்வளவு சின்ன எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். சிக்னல் சிறிதா பெரிதா என்பது கேள்வியே இல்லை, இரைச்சலைவிடப் பெரிதா என்பதுதான் கேள்வி. எந்தப் பொருளும் சூடாக இருந்தால் இரைச்சல் போடும். வானம், தரை, டிஷ்ஷின் முகப்பில் சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் எல்.என்.பி. எல்லாம் சேர்ந்து 150 கெல்வின் என்று வைப்போம் (இரைச்சலை வெப்பநிலையாகவே சொல்வது வழக்கம்), டெசிபலில் 21.8. போல்ட்ஸ்மான் மாறிலி டெசிபலில் கழித்தல் 228.6. சிக்னலின் அகலம் 27 மெகாஹெர்ட்ஸ், டெசிபலில் 74.3. மூன்றையும் கூட்டினால் இரைச்சல் கழித்தல் 132.5 டிபிடபிள்யூ. சிக்னல் அதைவிட 12.6 டெசிபல் மேலே, அதாவது ஏறத்தாழ 18 மடங்கு. அதனால்தான் படம் தெரிகிறது.

இப்போது மழையைக் கொண்டுவாருங்கள். மழை 3 டெசிபல் தின்கிறது என்றால் மீதி 9.6 என்றுதான் எல்லாரும் முதலில் எழுதுவார்கள். தப்பு. சிக்னலில் பாதியை விழுங்கும் அந்த மழை, தானே 270 கெல்வின் சூட்டில் இருக்கும் பொருள். விழுங்கிய அளவுக்கு இரைச்சலைத் திருப்பித் துப்பும். 150 கெல்வினோடு 135 சேர்ந்து 285 ஆகிவிடும். அது இன்னொரு 2.8 டெசிபல். மொத்தம் 5.8 போய், மீதி 6.8. நல்ல எல்.என்.பி. வைத்திருப்பவருக்கு இந்த இரண்டாவது அடி இன்னும் பலமாக விழும், ஏனென்றால் அவருடைய தொடக்க இரைச்சல் குறைவு. இந்த இடம் எனக்குப் புரிந்த ராத்திரிதான் இந்தத் துறை பிடித்துப்போனது.

இந்தக் கணக்கைத் தாளில் பத்துத் தடவை போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணை மாற்றுங்கள்: டிஷ், அதிர்வெண், மழை, தூரம். அப்புறம்தான் விரிதாள், அதற்கப்புறம் பைத்தான். முதலிலேயே விரிதாளுக்குப் போனால், யாரோ செய்த சூத்திரத்தில் எண் போடுகிற ஆளாக நின்றுவிடுவோம். மழை இழப்பை முறையாகக் கணக்கிட, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் பி.618, பி.838 பரிந்துரைகள் இருக்கின்றன, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். படிக்க வறட்டு நடைதான், ஆனால் தொழிலில் இருப்பவர்கள் பயன்படுத்துவது இதையே.

ஏறும் பக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு தாள் உண்டு. இரண்டையும் சேர்க்கும்போது டெசிபலைக் கூட்டக் கூடாது. சாதாரண எண்ணாக மாற்றி, தலைகீழாக்கிக் கூட்டி, மறுபடி தலைகீழாக்க வேண்டும். இரண்டு பக்கமும் 13 டெசிபல் என்றால் மொத்தம் 10 தான் தேறும்.

ஐந்தாம் படி: கோளுக்குள்ளே, பிட்டுகளுக்குள்ளே

பெரும்பாலான ஜியோ கோள்கள் உள்ளே செய்வது எளிய வேலை. வந்த சிக்னலை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, பெருக்கி, திருப்பி அனுப்பும். அந்தப் பாதைக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். 36 மெகாஹெர்ட்ஸ் அகலம் வழக்கமான அளவு. ஆம்ப்ளிஃபயரை முழு மூச்சில் ஓட்டினால் சிக்னல் கோணலாகும், பல சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து குப்பை போடும். அதனால் கொஞ்சம் அடக்கி ஓட்டுவார்கள். பேக்ஆஃப் என்று கேள்விப்பட்டால் அதுதான்.

மாடுலேஷனை, அதாவது பிட்டுகளை அலையில் ஏற்றும் முறையைப் படிக்கும்போது நான்காம் படியின் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான டி.வி.பி.-எஸ்2 தரத்தில் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு டெசிபல் வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. பெயரோடு வரும் பின்னம், அனுப்பும் பிட்டுகளில் உண்மையான தரவின் பங்கு; மீதி பிழைதிருத்தத்துக்கு. 16 ஏ.பி.எஸ்.கே. 5/6-க்கு 11.6, 8 பி.எஸ்.கே. 2/3-க்கு 6.6, கியூ.பி.எஸ்.கே. 3/4-க்கு 4.0. வெயில் நாளில் நமக்கு 12.6 இருந்தது, முதலாவதே ஓடும், விநாடிக்கு 89 மெகாபிட் வரை. மழையில் 6.8 தான், இரண்டாவது நூலிழையில் தப்பும். நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றால் மூன்றாவது, 40 மெகாபிட். இருவழி இணைப்பில் மோடம் இதைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். டிவி ஒளிபரப்பில் பார்ப்பவர் யாரும் திருப்பிப் பேச முடியாது, அதனால் மோசமான நாளுக்கே கணக்குப் போட்டு வைக்க வேண்டும்.

ஆறாம் படி: நீங்களே ஒரு சிக்னலைப் பிடியுங்கள்

இதை நான்காம் படியோடு சேர்த்தே, வார இறுதிகளில் தொடங்கிவிடலாம். தேவை ஒரு லேப்டாப், ஒரு ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள், இரண்டு உலோகக் கம்பிகள். டிவி பார்ப்பதற்காகச் செய்த யூஎஸ்பி டாங்கிளை ரேடியோவாக மாற்றலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து இந்தப் பொழுதுபோக்கு எல்லாருக்கும் எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது.

பழைய வழிகாட்டிகள் நோவா 15, 18, 19 வானிலைக் கோள்களிலிருந்து படம் பிடிக்கச் சொல்லும். அவை 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டன, அந்தப் பக்கங்களை நம்பி மணிக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசை வானிலைக் கோள்கள் 137.9 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அனுப்புகின்றன. தலா 53 செ.மீ. நீளத்தில் இரண்டு கம்பிகள், நடுவே 120 டிகிரி, தரைக்கு இணையாக, வாய் வடக்கு அல்லது தெற்கு பார்க்க. ஆன்டெனா அவ்வளவுதான். ஜிபிரெடிக்ட் மென்பொருள் கோள் எப்போது வரும் என்று சொல்லும். சாட்டம்ப் மென்பொருள் சிக்னலைப் படமாக்கும்.

கோள் அடிவானத்தைத் தாண்டியதும் திரையில் ஒன்றும் தெரியாது. ஓரிரு நிமிடத்தில் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்ன மேடு எழும். கோள் மேலே ஏற ஏற மேடு உயரும், சுற்றுப்பாதைக் கணக்கில் தூரம் குறைவதுதான் அது. மேடு கூடவே இடது பக்கம் நகர்ந்துகொண்டே போகும்: விநாடிக்கு ஏழு கி.மீ.க்கு மேல் ஓடும் கோளின் டாப்ளர் மாற்றம், வரும்போது 3 கிலோஹெர்ட்ஸ் வரை கூடுதல், போகும்போது அதே அளவு குறைவு. ஒரு சுவரின் மறைவுக்குப் போனால் சட்டென்று பள்ளம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். திரையில் வரிவரியாக மேகம் இறங்கியிருக்கும். என் முதல் படத்தில் பாதி கறுப்பு, ஏனென்றால் ஒரு கம்பியின் இணைப்பு பாதியில் கழன்றுவிட்டது. அதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

வாங்குவது பெரும்பாலான நாடுகளில் சிக்கலில்லை, ஆனாலும் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்புவது வேறு சங்கதி. இந்த அதிர்வெண்களில் உரிமம் இல்லாமல் ஒரு மில்லிவாட்கூட அனுப்பக் கூடாது.

ஏழாம் படி: நெட்வொர்க்

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களுக்கு இது சொந்த ஊர், மற்றவர்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜியோ வழியாக ஒரு செய்தி ஏறி இறங்க கால் விநாடி. கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல். டி.சி.பி. என்பது ஒப்புகை வாங்கி வாங்கித் தரவை அனுப்பும் இணைய விதிமுறை. அதன் பழைய வடிவத்தில் 64 கிலோபைட் அனுப்பிவிட்டு ஒப்புகைக்குக் காத்திருந்தால், போக வர 550 மில்லிவிநாடி ஆகும் இணைப்பில் வேகம் விநாடிக்கு ஒரு மெகாபிட்டைத் தொடாது, அடியில் 89 மெகாபிட் குழாய் இருந்தாலும். இதற்காகவே இரு முனையிலும் ஒப்புகையைத் தாங்களே போலியாகக் கொடுத்து வேகப்படுத்தும் பெட்டிகளை வைத்தார்கள். தரவைப் பூட்டி அனுப்பும் விபிஎன் போட்டால் அந்தப் பெட்டிக்கு டி.சி.பி. தலைப்பே கண்ணில் படாது, வேகம் படுத்துவிடும். “செயற்கைக்கோள் இணைப்பு மெதுவாக இருக்கிறது” என்று வரும் புகார்களில் டிஷ் பக்கம் போவதற்கு முன் இதைப் பாருங்கள்.

லியோவில் தாமதம் சிறிது, ஆனால் 550 கி.மீ. கோள் ஒரு சுற்றை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். சில நிமிடத்துக்கு ஒரு முறை வேறு கோளுக்குத் தாவ வேண்டும். தலைவலி தாமதத்திலிருந்து கைமாற்றத்துக்கு இடம் மாறுகிறது.

எட்டாம் படி: உண்மையான இணைப்போடு ஒத்துப் பாருங்கள்

கடைசி இரண்டு வாரம் இதற்கு. கையில் கிடைக்கும் ஏதாவது ஒரு டிஷ், அலுவலகத்தில் இருந்தாலும் சரி, வீட்டு டிவியுடையதாக இருந்தாலும் சரி. கோளை நடத்தும் நிறுவனத்தின் பரவல் வரைபடத்தில் உங்கள் இடத்துக்கு எத்தனை டிபிடபிள்யூ என்று பாருங்கள். டிஷ் விட்டத்தை நாடாவால் அளந்து, லிங்க் பட்ஜெட்டை முழுசாகப் போடுங்கள். அப்புறம் பெட்டியின் மெனுவிலோ மோடம் திரையிலோ காட்டும் சிக்னல்-இரைச்சல் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு டெசிபலுக்குள் வந்தால் சபாஷ்.

எனக்கு முதல் தடவை 2 டெசிபல் குறைவாகக் காட்டியது. கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன், தப்பில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டேன், ஆனால் எல்.என்.பி.யே பெருக்கிக் கொடுத்த பிறகு கேபிள் இழப்பு இந்த எண்ணை அவ்வளவாகத் தொடாது. மிச்சம் இருந்தது திசை. 2.9 டிகிரி கதிரில் 2 டெசிபல் போக வேண்டுமானால் டிஷ் 1.2 டிகிரி விலகியிருக்க வேண்டும் என்று தாளில் வந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறி, நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, டிஷ்ஷின் விளிம்பை விரலால் மெல்லத் தள்ளினேன். கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எண்ணைக் கத்திச் சொன்னார்: பத்து புள்ளி ஏழு, பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு புள்ளி ஐந்து. நட்டை இறுக்கிவிட்டு இறங்கினேன்.